ஸ்தோத்திரச் சீட்டு

நான்காவது சீட்டை வாசித்து முடித்த பிறகுதான் அதில் எழுதியிருந்தது என்னவென்று ஜீவானந்தத்துக்குப் புரிந்தது. அதற்குள் சபை பதில் சொல்லிவிட்டது. "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்." இருநூறு பேர், ஒரே குரலில், ஒவ்வொரு சீட்டுக்கும் சொல்வதைப் போலவே.

பெண்கள் பக்கத்தில் யாரோ "ஐயோ" என்றார்கள். அவர் சீட்டை மறுபடி பார்த்தார். ஆசிரியைகளுக்கே உரிய உருண்டைக் கையெழுத்து. 'என் கணவர் டெனிஸ் சென்ற மாதம் பதினேழாம் தேதி இறந்துபோனார். இதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.' கீழே முழுப்பெயர் இருந்தது. தபீதாள் டெனிஸ்.

ஐந்தாவது சீட்டு அடுத்து இருந்தது. யாருடைய பேரனுக்கோ விசா கிடைத்திருந்தது. கை பழக்கத்தில் அதை எடுத்தது, வாய் வாசித்தது. யாரும் பதில் சொல்லவில்லை. மின்விசிறிகளின் சத்தம் மட்டும் கேட்டது.

ஆலய வாசலில் இரண்டு மரப்பெட்டிகள் உண்டு. வலப்பக்கம் ஜெபப் பெட்டி, இடப்பக்கம் ஸ்தோத்திரப் பெட்டி. வேண்டியதை ஒன்றில் எழுதிப் போடலாம், கிடைத்ததற்கு நன்றியை மற்றொன்றில். ஆராதனை தொடங்க அரைமணி இருக்கும்போது ஜீவானந்தம் இரண்டையும் திறந்து, ஆலயத்தை ஒட்டி ஆயர் பயன்படுத்தும் வெஸ்ட்ரி அறையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் ஒரு தாளில் சுருக்கி எழுதிக்கொள்வார். ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் மனுக்களைச் சுருக்கி மேலதிகாரிக்கு வைத்தவர். பத்துப் பக்க மனு அவர் கையில் இரண்டு வரியாகும். இரண்டு வரியிலும் யார் மீதும் தூசி ஒட்டாது. அன்றைக்கு மட்டும் தாமதமாகிவிட்டது. தொடர் விடுமுறைக்கு ஊர் போய்த் திரும்பியவர்களின் பேருந்துகள் பெருங்களத்தூரில் நகராமல் நின்றன. பீர்க்கன்கரணையிலிருந்து ஸ்கூட்டரில் வந்து சேரும்போது முதல் பாட்டு முடிந்துகொண்டிருந்தது. அவர் பெட்டிகளைத் திறந்தார், சீட்டுகளை அள்ளினார், நேராக மைக் முன்னால் போய் நின்றார்.

தபீதாள் மூன்றாவது வரிசையில் இருந்தாள். வழக்கம்போல் தலையைச் சற்று இடப்பக்கம் திருப்பி, வலது காதை முன்னால் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். கவனமாகக் கேட்பவளின் தோரணை அது என்று சபையில் எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம். அவள் தலை குனியவில்லை. பக்கத்தில் மகள் ஜென்சி. இரண்டு பேருக்கும் பின்வரிசையில் டெனிஸின் தங்கை ஜீவிதா எழுந்து நின்றுவிட்டிருந்தாள். நின்றாளே தவிர என்ன செய்வது என்று தெரியாமல் முன்னாலிருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆயர் தொண்டையைச் செருமினார். "சங்கீதம் வாசிப்போம்" என்றார். "ஆறு, ஏழு, எட்டு வசனங்களை விட்டுவிடுவோம்."

விட்டுவிடச் சொன்னது புதிதல்ல. அந்தப் பழைய யூதப் பாட்டுகளில் பாதி புலம்பல்தான். எதிரிகள் சூழ்ந்துகொள்கிறார்கள், எலும்பு நடுங்குகிறது, படுக்கை கண்ணீரில் நனைகிறது. பிறகு ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே, எதுவும் நடந்ததாகச் சொல்லாமல், பாடுகிறவன் நன்றி சொல்ல ஆரம்பித்துவிடுவான். அந்தத் திருப்பத்துக்குச் சற்று முன்னால், எதிரியின் பல்லை உடைக்கும்படி, அவனை இல்லாமல் ஆக்கும்படி கடவுளைக் கேட்கும் வரிகள் இருக்கும். அவற்றை ஆயர் பென்சிலால் அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுவார். பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் அல்லவா. அன்றும் சபை ஐந்தாம் வசனத்திலிருந்து ஒன்பதாம் வசனத்துக்குத் தாண்டியது. ஒரு பெண் குரல் மட்டும் தாண்டவில்லை. நடுவிலிருந்த மூன்று வசனங்களையும் நிதானமாக வாசித்துவிட்டு, பதினொன்றாம் வசனத்தில் மற்றவர்களைப் பிடித்துக்கொண்டது.

ஆராதனை முடிந்ததும் வெளியே விக்கி அவரைப் பிடித்துக்கொண்டான். பாடகர் குழுவில் டெனிஸுக்குப் பக்கத்தில் நின்றவன்.

"சார், நானும் ஸ்தோத்திரம்னு சொல்லிட்டேன் சார்."

"எல்லாரும்தான் சொன்னாங்க."

"இல்ல சார், நான் மைக்ல சொன்னேன். லைவ் வேற ஓடினு இருந்துது. டெனிஸ் அண்ணன் பொண்டாட்டி எழுதுனதுக்கு நான் மைக்ல... வாய் தானா சொல்லிடுச்சு சார்."

அவன் சிரிக்கத்தான் பார்த்தான். முகம் கோணிக்கொண்டது.

வெஸ்ட்ரியில் ஜீவிதா அழுதுகொண்டிருந்தாள். "எங்க அண்ணன் கல்லறையில மண்ணு கூட இன்னும் காயல ஐயா. இத்தன பேருக்கு முன்னாடி ஸ்தோத்திரமாம். யாரு போனதுக்கு ஸ்தோத்திரம்? எவ்ளோ பேருக்கு எவ்ளோ செஞ்சிருக்காரு!"

"துக்கத்துல எழுதிட்டாங்கம்மா. அப்படித்தான் எடுத்துக்கணும்" என்றார் ஆயர்.

"துக்கமா? அண்ணி அழவேயில்ல. சவப்பெட்டிய மூடும்போதும் அழல. நான் பாத்துட்டுதானே இருந்தேன்."

ஆயர் ஜீவானந்தத்தைப் பார்த்தார். "சார், நீங்க எப்பவும் முன்கூட்டியே பாத்துடுவீங்களே?"

"லேட்டாயிடுச்சு ஐயா."

"பரவாயில்ல. நீங்கதான் போய்ப் பேசணும். அடுத்த ஞாயித்துக்கிழமை ஒரு மன்னிப்புக் கடிதம் வாசிச்சிடலாம். மனசு சரியில்லாத நேரத்துல எழுதினதுன்னு. இல்லேன்னா கமிட்டியில சும்மா இருக்க மாட்டாங்க. ஞாயிறு பள்ளியிலேருந்து அவங்களை எடுக்கச் சொல்லி இப்பவே ரெண்டு பேர் வந்துட்டுப் போயிட்டாங்க." சற்று நிறுத்தினார். "நீங்களே எழுதிக் கொண்டுபோய்க் கையெழுத்து மட்டும் வாங்கிடுங்க. உங்களுக்குத்தான் அந்த நடை வரும்."

பதினாறு வருடமாக ஞாயிறு பள்ளி தபீதாளுடையது. வாரநாட்களில் அவள் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியை. அங்கே அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று ஜென்சியே ஒருமுறை சொல்லியிருக்கிறாள். ஞாயிறு காலை நாற்பது குழந்தைகளுக்கு நடுவே, நோவாவின் பேழைக்குள் யானையாகத் தவழ்ந்து காட்டும் தபீதாள் வேறு ஒருத்தி. அவளிடமிருந்து எடுப்பதென்றால் அதைத்தான் எடுக்க முடியும் என்று கமிட்டிக்குத் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து கடிதத்தை எழுத அவருக்குக் கால்மணி நேரம் ஆயிற்று. 'மனவேதனையில் நான் எழுதிய சில சொற்கள் சபையாரைப் புண்படுத்தியிருக்குமானால்' என்று தொடங்கி ஐந்து வரி. படித்துப் பார்த்தார். எங்கும் தட்டவில்லை. தட்டாமல் இருந்ததுதான் என்னவோ செய்தது. எழுந்து அலமாரியின் மேல்தட்டிலிருந்து பிஸ்கட் டின்னை இறக்கினார்.

கர்த்தருக்கு எழுதிய தாள்களைக் குப்பையில் போட அவருக்கு மனம் வராது. எரிக்கவும் வராது. வாசித்த சீட்டுகளையெல்லாம் வருடம் ஒரு டின் என்று மூடி வைத்துவிடுவார். இந்த ஒரு டின் மட்டும் வருடக் கணக்கில் சேராதது. எழுதியிருந்ததைச் சொல்லாமல் மறைத்த சீட்டுகள் இதில் இருந்தன.

முதல் சீட்டு பன்னிரண்டு வருடத்துக்கு முந்தையது. 'வீட்டில் அடி நிற்க வேண்டும். ஜெபியுங்கள். தபீதாள்.' அன்றைக்கு அவர் மைக்கில் வாசித்தது, 'ஒரு குடும்பத்தின் சமாதானத்துக்காக.' சபை, "கர்த்தாவே, கேட்டருளும்" என்றது. எல்லோரையும்விட டெனிஸின் குரல் கனமாகக் கேட்டது. அந்தக் குரலுக்காகவே அவனைப் பாடகர் குழுவில் நடுவில் நிறுத்தியிருந்தார்கள். அடுத்தது, 'இடது காது கேட்கவில்லை. விழுந்துவிட்டேன் என்று டாக்டரிடம் பொய் சொன்னேன். பொய்க்கு மன்னிப்பு வேண்டும். அடி நிற்க வேண்டும்.' அதை, 'ஒரு சகோதரியின் சரீர சுகத்துக்காக' என்று வாசித்தார். ஒரு டிசம்பர் மாதத்துச் சீட்டில், 'பண்டிகை அன்று மட்டுமாவது' என்று இருந்தது. பண்டிகை நாட்களின் ஆசீர்வாதத்துக்காகச் சபை ஜெபித்தது.

பெயர் வெளியே வரக் கூடாது, அவளுக்குத்தான் அவமானம் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். அது பொய்யும் அல்ல. ஆனால் டெனிஸ், ஜீவானந்தத்தின் மனைவியின் ஆபரேஷனுக்கு இரண்டு முறை ரத்தம் கொடுத்தவன். அவள் இறந்த நாளில் சவப்பெட்டிக்கு அலைந்தவன். ஒருமுறை கேட்டுவிடுவது என்று தாம்பரம் ஸ்டேஷனில் அவனுக்காகக் காத்து நின்றார். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்தவன் அவரைக் கண்டதும் ஓடிவந்தான். "அண்ணா, மூஞ்சி ஏன் வாடிக் கெடக்கு? சாப்பிட்டீங்களா?" என்று டீயும் வடையும் வாங்கிக் கையில் கொடுத்தான். வடை சூடாக இருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டார்.

அந்த ஷிஃப்ட் பஸ்ஸில்தான் போன மாதம் சாய்ந்தான். தூங்குகிறான் என்று நினைத்து இறங்க வேண்டிய இடம் வரை யாரும் எழுப்பவில்லை.

மாலை நான்கு மணிக்கு ஜீவானந்தம் இரும்புலியூரில் தபீதாளின் வீட்டுக்குப் போனார். கடிதம் சட்டைப்பையில் இருந்தது. டின்னை எதற்கு எடுத்துக்கொண்டோம் என்று வண்டி ஓட்டும்போதும் அவருக்குத் தெரியவில்லை. கீழ்வீட்டு வாசலில் ரமா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தெருவில் டெனிஸின் சாவுக்குப் பந்தல் போட்ட அன்று எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்தவள்.

"மேலயா சார்? இருக்காங்க." அவள் டின்னைப் பார்த்தாள். "சர்ச்ல ஏதோ லெட்டர் படிச்சு பிரச்சினை ஆயிடுச்சாமே?"

"சின்ன விஷயம்தாம்மா."

"எங்க வீட்டு சீலிங்குக்கு எல்லாம் தெரியும் சார். லெட்டர் போட வேண்டியதே இல்ல." ஒரு தலையணை உறையை உதறினாள். "ரெண்டு தடவ நான் மேல போய்க் கதவைத் தட்டியிருக்கேன். அவர்தான் வந்து திறப்பாரு. என்ன சிஸ்டர், டிவி சத்தம் அதிகமா இருக்கான்னு கேப்பாரு, சிரிச்சுக்கிட்டே."

மேலே கதவு திறந்தே இருந்தது. தபீதாள் சாப்பாட்டு மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். எழுந்தாள். "வாங்கண்ணா. நீங்கதான் வருவீங்கன்னு நினைச்சேன்." அவர் அவளுடைய வலப்பக்க நாற்காலியில் உட்கார்ந்தார். இன்றுதான் அதைத் தெரிந்தே செய்தார். உள்ளறையில் ஜென்சி யாரிடமோ போனில் பேசும் சத்தம் கேட்டது. சுவரில் டெனிஸ் படத்துக்கு மாலை இல்லை. படமே இல்லை. மாட்டியிருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது.

அவர் கடிதத்தை நீட்டினார். அவள் சிவப்புப் பேனாவைக் கையில் வைத்தபடியே படித்தாள்.

"நல்லா எழுதியிருக்கீங்கண்ணா. எந்த சொற்கள்னு போடல."

"அது வேண்டாம்னுதான்."

"புண்படுத்தியிருக்குமானால்னு போட்டிருக்கீங்க." அந்த வார்த்தைக்குக் கீழே அனிச்சையாகக் கோடு போடப் போனவள் பேனாவை நிறுத்தினாள். "சாகணும்னு ஒருநாளும் நான் கேக்கலண்ணா. சத்தியமா. நிக்கணும்னுதான் கேட்டேன். பன்னெண்டு வருஷம் அதையேதான் கேட்டேன். நின்னுடுச்சு. எப்படி நின்னுதுன்னு கேக்க நான் யாரு? கேட்டது கிடைச்சா வந்து சொல்லணும்னுதானே வாசல்ல அந்தப் பெட்டி வெச்சிருக்கு?"

அவர் மடியிலிருந்த டின்னைப் பிடித்துக்கொண்டார்.

"நம்பினேன்ணா. ஒவ்வொரு சீட்டும் போகும்போது இன்னைக்குப் படிப்பாங்க, இன்னைக்கு சபைக்குத் தெரியும்னு நம்பி உக்காந்திருப்பேன். நீங்க எழுந்து சமாதானத்துக்காகன்னு படிப்பீங்க. சரி, ஆண்டவருக்கு ஒரிஜினல் தெரியுமேன்னு நினைச்சுப்பேன்." சிரித்தாள். "சங்கீதத்துல தாவீது எல்லாத்தையும் கேட்டாரே அண்ணா. பல்லை ஒடைன்னாரு, அவனை இல்லாம பண்ணுன்னாரு. அவர் சீட்டை யாரு திருத்தினா?"

ஜீவானந்தம் டின்னை மேசைமேல் வைத்தார். மூடி இறுகியிருந்தது. நகத்தால் நெம்ப வேண்டியிருந்தது. உள்ளே என்ன என்று பார்த்ததும் தபீதாளின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. அவள் தொடவில்லை. 

"வெச்சிருக்கீங்களா?"

"கர்த்தருக்கு எழுதினதாச்சே. கிழிக்க முடியல."

"கிழிக்க முடியல" என்று அவள் திருப்பிச் சொன்னாள்.

"அடுத்த ஞாயிறு இதையெல்லாம் அப்படியே வாசிக்கிறேன். நான்தான் மறைச்சேன்னு சொல்லிடறேன்."

"எதுக்கு? அதுவும் நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?" குரல் உயரவில்லை. "அப்ப படிச்சிருக்கணும். அவர் அங்க நின்னு பாடிட்டு இருக்கும்போது படிச்சிருக்கணும். இப்ப படிச்சா ஜீவிதாவும் நானும் சண்டை போடறதைத்தான் எல்லாரும் பாப்பாங்க."

உள்ளே ஜென்சியின் பேச்சு நின்றிருந்தது. தபீதாள் விடைத்தாள்களை ஒதுக்கி வைத்தாள். கடிதத்தைத் தன் முன்னால் நேராக வைத்து, அதன்மேல் பேனாவை மூடாமல் வைத்தாள்.

"கையெழுத்துப் போடறேன். பசங்களை விட்டுட்டு என்னால இருக்க முடியாது. அது உங்க எல்லாருக்கும் தெரியும். ஆனா அதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை நான் படிக்கிறேன். நீங்கதான் சபை. பதில் சொல்லுங்க."

அவர் அவள் விளையாட்டாகச் சொல்கிறாளோ என்று பார்த்தார். அவள் முதல் சீட்டை எடுத்துப் பிரித்திருந்தாள்.

"வீட்டில் அடி நிற்க வேண்டும். ஜெபியுங்கள். தபீதாள்."

காத்திருந்தாள். கீழே ரமா வீட்டுக் குக்கர் ஒருமுறை விசில் அடித்தது.

"கர்த்தாவே, கேட்டருளும்" என்றார் ஜீவானந்தம். ஒற்றைக் குரலில் அது வேறு ஏதோ வாசகம் போலிருந்தது. ஆயிரம் முறை கேட்டும் சொல்லியும் இருக்கிறார். அது ஒரு வேண்டுதல் என்பதே அவர் நினைவில் இல்லை.

காது கேட்காமல் போனதை வாசித்தாள். அவர் பதில் சொன்னார். பண்டிகையை வாசித்தாள். பதில் சொன்னார். ஜென்சியின் பரீட்சைக்கு முதல்நாளை வாசித்தாள். சமையலறைக் கதவை வாசித்தாள். எந்தச் சீட்டையும் வேகமாகவும் வாசிக்கவில்லை, குரல் நடுங்கவும் இல்லை. பிள்ளைகளுக்குக் கணக்கைப் படித்துக் காட்டுவதுபோல எழுதியிருந்ததை எழுதியிருந்தபடி வாசித்தாள். ஏழாவதில் அவர் பதிலைப் பாதியில் விட்டார். அவள் நிறுத்தி, அவர் சொல்லும் வரை காத்திருந்தாள். ஒன்பது முடிந்தது.

"அவ்ளோதான். ஒம்போதுதான் நான் போட்டது" என்றாள். பேனாவை எடுத்தாள்.

டின்னின் அடியில் இன்னும் ஒன்று இருந்தது. எட்டாக மடித்த இரட்டைக் கோடு நோட்டுத் தாள். அப்படி ஒன்று இருப்பதையே ஜீவானந்தம் மறந்துபோயிருந்தார். மறந்தது எப்படி என்பதே விளங்கவில்லை. மூடியைப் போடக் கை நீட்டினார். அதற்குள் அவள் எடுத்துவிட்டாள்.

"இது என்னுது இல்லையே."

பதினொரு வருடத்துக்கு முன்னால் அது ஜெபப் பெட்டியில் கிடந்தது. அன்று ஆராதனை முடிந்ததும் எழுதிய குழந்தையைத் தனியாக மரத்தடிக்குக் கூப்பிட்டு, இப்படியெல்லாம் எழுதக் கூடாது பாப்பா என்று சொன்னார். அப்ப எப்படி எழுதணும் அங்கிள் என்று அது கேட்டது. அப்பாவை நல்லவராக்கணும்னு எழுதணும் என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு ஓடிப்போய், வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்த டெனிஸின் பின்னால் ஏறிக்கொண்டது. அதன்பிறகு எந்தப் பெட்டியிலும் அந்தக் கையெழுத்தை அவர் பார்க்கவில்லை.

தபீதாள் மடிப்புகளைப் பிரித்தாள். படித்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி முதலிலிருந்து படித்தாள். பேனா அவள் விரல்களிலிருந்து நழுவிக் கடிதத்தின்மேல் உருண்டு ஒரு சிவப்புப் பொட்டு வைத்து நின்றது. அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பஸ்ஸில் தூங்குகிறவனை எழுப்பப் போய், தொட்ட பிறகு கையை எடுத்துக்கொண்டவர்கள் அப்படிப் பார்த்திருக்கலாம்.

"அம்மா, சத்தமா படி."

ஜென்சி அறை வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. கையில் போன் அணைந்திருந்தது.

"வேணாம்டி."

"எல்லாத்துக்கும் படிச்சே இல்ல? இதுக்கும் படி."

தபீதாள் முடியாது என்று தலையசைத்தாள். ஜென்சி வந்து தாளை எடுத்துக்கொண்டாள். பத்தொன்பது வயதுக்காரிக்கு, தன் எட்டு வயதுக் கையெழுத்தைப் பார்த்து ஒரு கணம் சிரிப்பு வந்ததுபோலிருந்தது. நேராக நின்றாள். ஜீவானந்தம் மைக் முன்னால் நிற்பதைப் போலவே, முழங்கையை ஒட்டி, தாளை மார்பு உயரத்தில் பிடித்தாள்.

"கர்த்தர் எங்க அப்பாவ சீக்கிரமா எடுத்துக்கணும். ஜென்சி. மூன்றாம் வகுப்பு, ஆ பிரிவு."

வாசித்துவிட்டுத் தாளை மேசையில் வைத்தாள். அவரைப் பார்த்துக் காத்திருந்தாள்.

ஜீவானந்தம் வாயைத் திறந்தார். சபைக்கு இரண்டு பதில்கள்தான் உண்டு. வலப்பெட்டிக்கு ஒன்று, இடப்பெட்டிக்கு ஒன்று. இந்தச் சீட்டு இப்போது எந்தப் பெட்டிக்குரியது என்று அவருக்குத் தெரியவில்லை. ரயில்பாதைப் பக்கமிருந்து மின்சார ரயிலின் ஹாரன் கேட்டு ஓய்ந்தது. தபீதாள் மகளின் கையைப் பிடிக்கப் போய், பிடிக்காமல் பாதியில் நிறுத்தியிருந்தாள். பதினொரு வருடம் எட்டாக மடிந்து கிடந்த தாள் மின்விசிறியின் கீழே, பழைய மடிப்புகளின் வழியே, கொஞ்சம் கொஞ்சமாகத் தானே மூடிக்கொள்ளத் தொடங்கியது. ஜென்சி ஒரு விரலை நீட்டி அதைத் திறந்தபடி அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.